மார்கழியில் இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. திருகோணமலையில் வாடகை வீடு. என்னென்ன வாங்கி, எப்படி ஆயத்தமாவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியில் முக்கால்வாசி சாமான்தான். எந்தத் தொட்டில், பம்பர்ஸ் எத்தனை பக்கெற், பிள்ளை நடை பழகுகிற வாக்கரை இப்பவே வாங்கி வைக்கவா, இல்லாட்டித் தொட்டிலுக்குப் பதில் சேலையில் ஏணை கட்டினால் போதுமா என்று. 32 வாரம், மூத்தவளுக்கு நாலு வயசு, உப்புவெளியில் வீடு, அம்மா மூதூரில், கணவருக்குத் தனியார் கம்பனி வேலை என்பதெல்லாம் ஒரே வரியில் ஓடிப்போகிறது. எனக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கேள்வியாகத் தெரிகிறது. தாய்சேய் வேலையில் கன வருஷமாக நிற்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தொட்டில் இல்லாததால் எந்தப் பிள்ளைப்பெத்த வீடும் குழம்புவதில்லை. கைமாற ஆள் இல்லாமலும் காய்ந்த துணி இல்லாமலும்தான் குழம்பும்.

கடை வைத்திருக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம், வாங்கக்கூடியவர்கள் வாங்கட்டும். வாக்கரை மட்டும் வேண்டவே வேண்டாம். படியில் உருண்டு விழுவது, சூடான கோப்பைக்குக் கை எட்டுவது எல்லாம் அதில்தான் நடக்கும். கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து அதை விற்கவே தடை. அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஏதாவது அனுப்பவா என்று கேட்டால் நல்ல வெப்பமானி ஒன்று கேளுங்கள்.

முதலில் ஆளை ஒழுங்குபடுத்துங்கள். ஒரு தாளில் 24 மணித்தியாலத்தையும் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் எழுதுங்கள். புதுப்பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் பால் குடிக்கும். பால் கொடுப்பதை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும். துடைக்கிறது, நப்பி மாற்றுவது, ஏவறை விடுவிக்கிறது, துணி அலம்புவது, மூத்தவளைக் குளிக்க வார்க்கிறது, வாசலில் ஆட்களோடு கதைக்கிறது எல்லாம் வேறு கைக்குப் போகலாம், போக வேணும். இரவு 10 மணியிலிருந்து விடிய 5 மணி வரை நப்பி வேலை தகப்பனுடையது என்று இப்பவே பேசி முடியுங்கள். பிறந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

லீவைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். தாய்க்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் உண்டு. தகப்பனுக்கு அரச உத்தியோகத்தில் 3 நாள், தனியாரில் சட்டப்படி ஒன்றும் இல்லை. சிசேரியன் செய்த பெண் வாட்டில் கிடக்கும்போதே அந்த 3 நாளும் முடிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வந்தவள் தையலோடு குனிந்து மூத்த பிள்ளையின் சப்பாத்தைப் பூட்டுகிறாள். "எங்கள் காலத்தில் ஆம்பிளையள் லீவு கேட்டவையா?" என்று சிலர் கேட்பார்கள். உங்கள் காலத்தில் ஒரு வளவுக்குள் மூன்று வீடும் அஞ்சாறு பெண்களும் இருந்தார்கள். இப்ப வாடகை வீட்டில் புருஷன், பெண்சாதி, ஒரு பிள்ளை. ஆட்கள் குறைந்துபோனார்கள், சட்டம் மட்டும் அப்படியே கிடக்கிறது. உங்கள் கணவர் மிச்சமிருக்கும் வருடாந்த லீவை ஆஸ்பத்திரி நாட்களில் முடிக்காமல், நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வருகிற முதல் வாரத்துக்கு வைக்கட்டும். கடினமான நாட்கள் அவைதான்.

அம்மாவை எப்ப கூப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். 37 வாரத்துக்கு முதலே கூப்பிடுங்கள். கார்த்திகை, மார்கழி எங்கள் பக்கம் வாடை மழை. மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தெருவுக்கு மேலால் தண்ணி ஓடும், மூதூர்ப் பக்கமும் நம்ப ஏலாது. பாலம் இருக்கிறது என்று வலி தொடங்கும்வரை விட வேண்டாம். மாறாக நீங்கள்தான் அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவெடுத்தால், உங்கள் மிட்வைஃபுக்கும் மூதூரில் அந்தப் பகுதி மிட்வைஃபுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் அவர் வீடு தேடி வந்து தையல், தொப்புள், பால் குடிக்கிற விதம் எல்லாம் பார்க்க வேணும். நீங்கள் இடம் மாறினது தெரியாவிட்டால் இங்கே பூட்டின கதவைத் தட்டிவிட்டுப் போவார், அங்கே ஒருவரும் வரமாட்டார்.

இனித் துணி. மார்கழிப் பிள்ளைக்கு இதுதான் பெரிய தலையிடி. வெயில் காலத்தில் இரண்டு டசின் நப்பி தாராளம், காலையில் கொடியில் போட்டது மத்தியானம் எடுக்கலாம். மழையில் ஒரு துணி காய இரண்டு நாள் செல்லும், அதனால் மூன்று டசின் வேணும். கடையில் வாங்கத் தேவையில்லை. 45 அங்குல அகலமுள்ள பழைய நூல் சேலை 5½ யார் இருந்தால், 22 அங்குலச் சதுரமாக வெட்டப் 18 துண்டு வரும். இரண்டு சேலையில் மூன்று டசின் முடிந்தது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் கலந்தது சரிவராது, ஈரத்தை உறிஞ்சாது. ஓரம் மடித்துத் தையுங்கள். தைக்காத ஓரத்திலிருந்து கழன்ற நூல் பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுகினால் விரல் சிவந்து வீங்கிவிடும், பிள்ளை ஏன் அழுகிறதென்று ஒருவருக்கும் விளங்காது. காரணமில்லாமல் விடாமல் அழுதால் பத்து விரலையும் விரித்துப் பாருங்கள்.

மலம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணியில் அலசுங்கள், சுடுதண்ணியில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டு அலம்பி, நுரை முற்றாகப் போகும்வரை அலசுங்கள். கடற்கரைப் பக்கக் கிணறுகளில் இதுதான் சிக்கல். உவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் போடுவோம், அது துணியிலேயே தங்கிவிடும். காய்ந்தால் துணி அப்பளம் மாதிரி விறைக்கும், பிள்ளையின் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகும். கிணற்றுத் தண்ணியில் அலம்பினாலும் கடைசி அலசல் குழாய்த் தண்ணியிலோ பிடித்த மழைத் தண்ணியிலோ இருக்கட்டும். டெட்டோல், வாசனைத் திரவம் ஒன்றும் ஊற்ற வேண்டாம். வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே இரண்டு கொடி இப்பவே கட்டுங்கள். கேஸ் அடுப்புக்கு மேலே துணி காயப்போடுகிற பழக்கம் ஆபத்து. முக்கால்வாசி காய்ந்ததும் அயன் பண்ணி மடியுங்கள், ஈரப்பதனோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பம்பர்ஸ் இரவுக்கும் கிளினிக் போகிற நாளுக்கும் மட்டும் போதும். பிறந்த பிள்ளைக்குரிய அளவில் ஒரு சின்னப் பக்கெற்றுக்கு மேல் வாங்க வேண்டாம், சில கிழமையில் அந்த அளவு காணாது.

மழை நேரம் கரண்ட் போனால் மோட்டர் ஓடாது. மூடியுள்ள பெரிய வாளி இரண்டு எப்பவும் நிறைந்திருக்கட்டும். மூடி முக்கியம், ஏனென்றால் டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணியில் பெருகும், பகலில்தான் கடிக்கும். 2017இல் டெங்கால் கிண்ணியா பட்ட பாடு இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் மறக்காது. பிள்ளைக்குக் குடை நெட் பகல் நித்திரைக்கும் வேணும். நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் பிள்ளை படுக்கிற அறைக்குள் வேண்டாம், சின்ன நெஞ்சு அதைத் தாங்காது. தலை காய வேணும் என்றால் துவாயால் ஒற்றித் துடைத்தால் போதும்.

மூத்தவளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மார்கழியில் நர்சரி விடுமுறை, அவள் முழு நாளும் வீட்டில்தான். உங்களோடு படுக்கிறவள் என்றால் அவளுடைய படுக்கையை இந்தக் கிழமையே மாற்றுங்கள். தம்பியோ தங்கச்சியோ வந்த அன்று மாற்றினால், அது வந்து தன்னைத் துரத்தினது என்றுதான் அவள் எடுப்பாள். இரவுச் சோறு தீத்துவதும் படுக்கவைப்பதும் இப்பவே அப்பாவுக்குப் போகட்டும். "பிள்ளை வந்தால் அம்மா உன்னைப் பார்க்கமாட்டா" என்று பகிடி விடுகிற பெரியவர்களை முகத்துக்கு நேரே நிறுத்துங்கள். சிசேரியன் என்றால் 6 கிழமைக்கு அவளைத் தூக்க ஏலாது. இருந்தபடி மடியில் ஏற்றுகிற பழக்கத்தை இப்பவே தொடங்கலாம்.

ஆஸ்பத்திரிப் பையை 36 வாரத்தில் கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கிளினிக் கார்ட், அடையாள அட்டை, விவாகப் பதிவுப் பிரதி மேலே இருக்கட்டும். முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பெரிய பேட், பெட்சீட், நப்பி ஒரு டசின், பிள்ளைச் சட்டை நாலு, சுற்ற மெல்லிய துணி இரண்டு, பிளாஸ்க், கப், சவர்க்காரம். இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் இரண்டு பேரின் நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். தண்ணிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டில் மாமியோடு, அம்மாவோடு சண்டை வேண்டாம். பிள்ளைப்பெத்தவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூளை மழைக்கு முதல் வறுத்து இடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். வாடைக்குக் கடல் குழம்பினால் நல்ல மீன் கிடைப்பது கஷ்டம், பால்சுறா கண்டால் துண்டாக்கி உறைய வைக்கலாம். கிரந்தி, அதாவது தோலில் கடி, புண் வரும் என்று இறாலையும் கத்தரிக்காயையும் 31 நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. இரண்டு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வயிறு ஊதும் என்று தண்ணியைக் குறைப்பது ஒன்று. பால் கொடுக்கிறவள் ஒவ்வொரு தரமும் ஒரு பெரிய கப் தண்ணி குடிக்க வேணும். மற்றது பிள்ளையின் வாயில் தேன், சீனித்தண்ணி, கிரைப் வாட்டர் வைப்பது. 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். தேன் ஒரு வயசு வரைக்கும் நஞ்சாகக்கூடியது. முதலில் வருகிற மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆட்கள் போகாமல் இருக்கிற துடக்கு என்ற வழக்கத்தைப் பழசு என்று இளம் ஆட்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் 31 நாள், முஸ்லிம் வீடுகளில் 40 நாள் என்று ஆட்கள் வராமல் இருந்ததால்தான் தாய்க்கு நித்திரை கிடைத்தது, பிள்ளைக்குத் தடிமனும் குக்கலும் ஒட்டாமல் போனது. அதையே காரணமாகச் சொல்லி ஆட்களை நிறுத்துங்கள். வந்தே தீருவேன் என்பவர் கை கழுவட்டும், முகத்தில் கொஞ்சாமல் இருக்கட்டும்.

பயப்படுத்த அல்ல, இதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதம் கூட ஆகாத பிள்ளைக்கு 38 பாகை, அதாவது பரனைற்றில் 100.4 காய்ந்தால், வீட்டில் பெனடோல் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி. பால் குடிக்க மறுத்துத் துவண்டால், மூச்சு நிமிஷத்துக்கு 60ஐத் தாண்டினால், தோலின் மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால் அப்படித்தான். காலை வெயிலில் பிடித்தால் மஞ்சள் போய்விடும் என்று நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் நனைந்தாலும், கண் மங்கித் தலையிடித்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும் போங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் அழுகை அழுகையாக வந்தால் மிட்வைஃபிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பிறப்புப் பதிவுக்கு 42 நாள் இருக்கிறது. பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேணும். பேரைத் தமிழிலும் இங்கிலீசிலும் எழுத்து எழுத்தாக இப்பவே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தகப்பன், தாய் பேர்கள் அடையாள அட்டையிலும் விவாகப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கையெழுத்து வைத்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்துவதென்றால் கன அலைச்சல்.

கடைசியாக ஏணை. கட்டுவதென்றால் வீட்டு வளை மரமாக இருக்க வேணும், ஃபேன் கொழுக்கியில் கட்டக்கூடாது. சேலையை வெளிச்சத்துக்குப் பிடித்து இழை விட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நைலோன் கயிறு வழுக்கும், நூல் கயிறு நல்லது. ஏணையின் கீழ்ப்பக்கம் நிலத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் போகக்கூடாது. மேலே குறுக்கே கம்பு போட்டால்தான் துணி முகத்தில் மூடாது. பிள்ளையின் தாடை நெஞ்சில் மடியாமல், மூக்கு எந்நேரமும் தெரிய வேணும். பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது அரை மணித்தியாலம் சரி. இரவில் கெட்டியான மட்டமான படுக்கையில், உங்களுக்குப் பக்கத்தில், மல்லாக்காகத்தான் படுக்கவைக்க வேணும். ஆனால் வெறும் ஏணை ஒன்று தொங்கினால் நாலு வயசுப் பிள்ளை அதில் ஏறிச் சுழலாமல் இருக்காது, சேலை முறுகிக் கழுத்தில் இறுக ஒரு நிமிஷம் காணும். அதனால் பிள்ளையை எடுத்த உடனே ஏணையைச் சுருட்டி, அவளுக்கு எட்டாத உயரத்தில் முடிய வேணும். அதை ஒவ்வொரு தரமும் மறக்காமல் செய்ய வீட்டில் ஆள் இல்லை என்றால் கட்டவேண்டாம், பாயும் மெல்லிய மெத்தையும் குடை நெட்டும் போதும்.