ஓலான்சபின் மாத்திரையும் எகிறும் ட்ரைகிளிசரைடும்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனச்சிதைவு நோய்க்கு எட்டு மாதமாக இரவில் ஓலான்சபின் 15 மி.கி. சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்று, வேலைக்கும் போகிறான். ஆனால் எடை 11 கிலோ ஏறிவிட்டது. மொத்தக் கொழுப்பு 240, ஹெச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 34, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 138, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 340. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம். நோய் திரும்பினால் இந்த வேலையும் நிம்மதியும் கைவிட்டுப் போகும். மீட்க மாதக்கணக்கில் ஆகலாம். ட்ரைகிளிசரைடு 340 இறக்கக்கூடிய எண்தான்.

மனநல மருந்துகளில் எடையையும் கொழுப்பையும் அதிகம் ஏற்றுபவை ஓலான்சபினும் க்ளோசபினும். இவை மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்கள் வேலை செய்யும் ஏற்பிகளை அடைப்பதால் சாப்பிட்டும் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. இன்சுலினும் சரியாக வேலை செய்யாமல் போக, கல்லீரல் கூடுதலாகக் கொழுப்பை ரத்தத்தில் விடுகிறது. ஆகவே தம்பியை 'வாயைக் கட்டு' என்று திட்டாதீர்கள். அந்தப் பசி மருந்து தரும் பசி.

முதலில் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின நாள் மது கூடாது. காலையில் ஒரு டீ குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தாலே ட்ரைகிளிசரைடு கூடிக் காட்டலாம். கூடவே ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சர்க்கரை), தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். இரண்டையும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்.டி.எல். பெரும்பாலும் கணக்குப் போட்டு எழுதுவது: 240-இல் 34-ஐயும், 340-இல் ஐந்தில் ஒரு பங்கான 68-ஐயும் கழித்தால் 138. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயம் உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சாப்பாட்டில் ட்ரைகிளிசரைடை ஏற்றுவது எண்ணெயைவிடச் சர்க்கரையும் சோறும்தான். தினம் ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராமுக்கு மேல். முதலில் அதை நிறுத்துங்கள். இந்த மருந்து சாப்பிடுபவர்கள் பலருக்கு இரவு பத்து மணிக்கு மேல் பசி கிளம்பும். கைக்கு எட்டும் இடத்தில் பிஸ்கட்டும் மிக்சரும் இல்லாமல் சுண்டலும் மோரும் வெள்ளரியும் இருக்கட்டும். தினம் 30 நிமிட வேக நடைக்கு நீங்களும் கூடப் போனால் தம்பி தொடர்வார்.

மனநல மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: அளவைக் குறைக்கலாமா, அரிபிப்ரசோல் போன்ற எடையை அதிகம் ஏற்றாத மருந்துக்குச் சில வாரங்களில் படிப்படியாக மாற்றலாமா, மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சேர்க்கலாமா. ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) தேவையா என்பதை சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் மாரடைப்பு இவற்றைப் பார்த்து முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

தம்பி புகைப்பவரா? விட்டால் இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் விடும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புகை ஓலான்சபினை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும். திடீரென நிறுத்தினால் அதே 15 மி.கி. ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, பகலெல்லாம் தூக்கம் அழுத்தும்.