பக்கத்தில் இல்லாத பட்டனுக்கு கிளிக் ஈவென்ட் வைத்தால் ஏன் எரர்?

உங்கள் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எல்லாப் பக்கத்திலும் லோட் ஆகிறது. கூப்பன் பட்டன் செக்அவுட்டில் மட்டும்தான் உண்டு. மற்ற பக்கங்களில் எரர் வந்து, கீழே உள்ள மெனு கோடும் படுத்துவிடுகிறது. இதுதானே பிரச்சினை?

ஐடியை வைத்து எலிமென்ட்டைத் தேடும் கெட்எலிமென்ட்பைஐடி (getElementById), தேடியது கிடைக்காவிட்டால் நல் (null, அதாவது 'எதுவும் இல்லை') தரும். அந்த நல் மேல் கிளிக் ஈவென்ட் வைக்கும் ஆட்ஈவென்ட்லிசனரைக் (addEventListener) கூப்பிட்டால் டைப்எரர். ஸ்கிரிப்ட் அந்த வரியோடு நின்றுவிடும். ஜேக்வெரி (jQuery) லைப்ரரியில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே எதுவும் சிக்காவிட்டாலும் சத்தமே வராது.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: பட்டன் நிஜமாகவே இல்லையா, இல்லை பட்டன் வருவதற்குள் ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டதா? ஐடி சரியாக இருந்தும் செக்அவுட்டிலும் எரர் வந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் (defer) சேர்த்தால் பக்கம் முழுதும் படிக்கப்பட்ட பிறகே ஸ்கிரிப்ட் ஓடும், தீர்ந்தது.

நிஜமாகவே இல்லையென்றால் ஒரு இஃப் போதும். 2020 முதல் உள்ள ஆப்ஷனல் செயினிங்கும் சரிதான், அதாவது புள்ளிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. ஆனால் ஐடியில் எழுத்துப்பிழை இருந்தாலும் அது வாயே திறக்காது. அதனால் கட்டாயம் இருக்க வேண்டிய எலிமென்ட்டுக்கு அதைப் போடாதீர்கள், எரர் வரட்டும்.

பட்டன் பிறகு ஏஜாக்ஸில் (பக்கம் லோட் ஆனபின் சர்வரிலிருந்து எடுத்து) வருமென்றால் இஃப் உதவாது. கிளிக் எலிமென்ட்டிலிருந்து டாக்குமென்ட் வரை மேலே ஏறி வரும். அதனால் டாக்குமென்ட்டில் ஒரே கிளிக் லிசனர் வைத்து, உள்ளே ஈவென்ட் டார்கெட்டின் (கிளிக் விழுந்த எலிமென்ட்) மேல் குளோசஸ்ட் (closest, தன்னிலிருந்து மேல்நோக்கித் தேடுவது) கூப்பிட்டு உங்கள் பட்டனா என்று பாருங்கள். டார்கெட்டை நேரடியாக ஒப்பிட்டால், பட்டனுக்குள் இருக்கும் ஐகானைத் தொட்டவருக்கு வேலை செய்யாது. ஆனால் ஃபோகஸ், பிளர் ஈவென்ட்கள் இரண்டும் அப்படி மேலே ஏறி வராது. அங்கே ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் போடுங்கள்.