இயற்கையை வரைவதைத் தாண்டி ஓவியர்கள், சிற்பிகள் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸ். 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் டாக்குமென்டா கலைக் கண்காட்சி நடந்தது. அதற்காக அவர் அங்கிருந்த அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்து வைத்தார். ஊருக்குள் ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்கலாம். அந்தக் கல்லை மரத்தின் பக்கத்திலேயே ஊன்ற வேண்டும். இதுதான் நிபந்தனை. படைப்பின் பெயர் ‘7,000 ஓக் மரங்கள்’.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் நொறுங்கிய ஊர் அது. கான்கிரீட் வைத்து மறுபடி கட்டிய தெருக்களில் மரம் வேண்டியிருந்தது. கற்குவியலைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் குவியல் குறையக் குறைய ஊரில் மரம் கூடுகிறது என்பது போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் பட்டது. எந்தப் பிரசாரமும் இவ்வளவு நேராகப் பேசாது என்பேன்.

நட்ட புதிதில் ஒல்லிக் கன்றின் பக்கத்தில் கல்தான் பெரிதாகத் தெரியும். மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும்; கல் அப்படியே நிற்கும். அந்த மாற்றமே படைப்பு. அதைப் பார்த்து முடிக்க ஒருவர் ஆயுள் போதாது.

பாய்ஸ் 1986இல் இறந்துவிட்டார். கடைசி மரத்தை அடுத்த ஆண்டு அவருடைய மகன் நட்டார். அப்புறம், பெயரில் ஓக் என்று இருந்தாலும் எல்லாம் ஓக் இல்லை. வேறு மரங்களும் கலந்தே இருக்கின்றன.