ஆறாம் வகுப்பு ஃபீஸுக்கு ஆரத்தை வைக்கலாமா?

கேள்வி: கரூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். நன்றாகப் படிப்பாள். ஆறாம் வகுப்புக்குத் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்க்க ஆசை. அங்கே வைத்த தேர்விலும் தேறிவிட்டாள். ஃபீஸ் 58,000, வேன் 16,000, புத்தகம் யூனிஃபார்ம் 11,000 ரூபாய். மாதக் கடைசிக்குள் 20,000 அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் டெக்ஸ்டைல் கம்பெனியில் சூப்பர்வைசர், கையில் 28,000 வரும். நான் வீட்டில் தைத்து 8,000 சம்பாதிக்கிறேன். வாடகை, செல்வமகள் கணக்குக்கு 1,000 உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 5,000 நிற்கும். தீபாவளி போனஸ் 20,000. என் நகை 14 பவுனில் 6 பவுன் வங்கியில் இருக்கிறது, கடன் 2.40 லட்சம். ஜூனில் திருப்பி வைக்கும்போது ஃபீஸுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் இவர். பெரிய நாத்தனார் பிள்ளைகள் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். “பொண்ணை அரசுப் பள்ளியிலேயே விட்டு வீணாக்கிடாதீங்க” என்று வரும்போதெல்லாம் சொல்கிறார். தம்பியின் நண்பர் மாதம் 2,500 கட்டும் குழந்தைகள் பாலிசி ஒன்றும் எடுக்கச் சொல்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்யலாம்? அரசுப் பள்ளியிலேயே விட்டால் ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பதில்: 36,000 வருமானத்தில் வாடகையும் கொடுத்து, செல்வமகள் கணக்கில் மாதம் 1,000 போட்டு, 5,000 மிச்சமும் பிடிக்கிற உங்களுக்குச் சிக்கனம் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஃபீஸ் ரசீதை விட, கடிதத்தோடு அனுப்பியிருந்த அடகுச் சீட்டுகளின் படங்கள்தான் என்னைக் கவலைப்பட வைத்தன.

நான்கு சீட்டிலும் பொருள் ஒன்றுதான்: ஆரம் 1, வளையல் 4, எடை 48 கிராம். தொகை மட்டும் 2022இல் 90,000, அடுத்த ஜூனில் 1,30,000, அதற்கடுத்து 1,75,000, கடைசியாக 2,40,000. முதல் கடன் சின்ன நாத்தனார் வளைகாப்புச் சீருக்கு. அப்புறம் பெரிய நாத்தனார் மகள் சடங்குக்கு, பைக்குக்கு, வீட்டு அட்வான்ஸுக்கு. பவுன் விலை ஏறியதால் ஒவ்வொரு முறையும் வங்கி கூடுதலாகக் கொடுத்தது, நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள்.

10 சதவீத வட்டி என்று வைத்து ஒரு கணக்குப் போட்டேன். மூன்று முறை திருப்பி வைத்ததில் கூடுதலாக எடுத்தது 1.50 லட்சம். அதே மூன்று ஜூன்களில் கட்டிய வட்டி 9,000, 13,000, 17,500. மொத்தம் 39,500. வட்டிக்கென்று நீங்கள் தனியாகப் பணம் எடுத்து வைத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. புதுக் கடனிலிருந்துதான் பழைய வட்டி போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூட இதுவரை குறையவில்லை. இந்த ஜூனில் வட்டி மட்டும் 24,000 வரும்.

இந்தப் பழக்கம்தான் உங்கள் பிரச்சினை. பள்ளியைப் பற்றிய கேள்வி இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

வளைகாப்பு ஒருமுறை வந்து போகும். பள்ளிக் கட்டணம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு ஜூன்களில் வரும். இப்போது மொத்தம் 85,000. ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் மூன்றாம் ஆண்டு 1.03 லட்சம், ஐந்தாம் ஆண்டு 1.24 லட்சம், பன்னிரண்டாம் வகுப்பில் 1.51 லட்சம். ஏழு ஆண்டுக்கும் சேர்த்து 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பதினொன்றாம் வகுப்பில் நீட் கோச்சிங் என்று தனியாகக் கேட்டால் அது வேறு.

இதை முழுக்க நகை மேல் ஏற்றி, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் முடிவில் கடன் 10 லட்சத்தைத் தாண்டும். இடையில் கட்டும் வட்டி சுமார் 4.60 லட்சம். கடைசி ஆண்டின் வட்டி மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல், அதாவது இன்று உங்களை மிரட்டுகிற மொத்தச் செலவை விட அதிகம். மகள் கல்லூரிக்குப் போகும்போது 14 பவுனும் வங்கியில் இருக்கும்.

வங்கி தராது என்று நினைக்காதீர்கள். தரும். 2026 ஏப்ரல் முதல் 2.50 லட்சம் வரையான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியிருக்கிறது. கடன் சுலபமாகக் கிடைப்பதாலேயே நம்மால் கட்ட முடியும் என்று ஆகிவிடாது.

சரி, கடனே இல்லை என்று வைத்துப் பார்ப்போம். யாரும் போடாத அந்த ஆரத்தை விற்று 2.40 லட்சத்தையும் அடைத்துவிட்டீர்கள். ஆண்டு மிச்சம் 60,000, போனஸ் 20,000, ஆக 80,000. முதல் ஆண்டு 85,000 எப்படியோ சமாளிக்கலாம். எட்டாம் வகுப்பில் 1.03 லட்சம் ஆகும்போது சம்பளமும் அதே வேகத்தில் ஏறியிருக்க வேண்டும். சூப்பர்வைசர் சம்பளம் அப்படி ஏறுவதாக நீங்கள் எழுதவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எடுக்க வீட்டில் ஒரு ரூபாய் இருக்காது. அதனால் இந்த ஆண்டு, இந்தப் பள்ளி வேண்டாம் என்றே சொல்வேன்.

இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. தேர்வு எழுதித் தேறிய பிள்ளையிடம் போய் வேண்டாம் என்று சொல்லப்போவது நீங்கள். ஆனால் ‘வீணாக்கிடாதீங்க’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஆறாம் வகுப்பு தமிழ்நாட்டில் ஒரு முக்கியமான எல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36,000. தொடக்கப் பள்ளியில் படித்த ஐந்தாண்டு இதில் எதற்கும் கணக்கில் வராது. நாத்தனார் பிள்ளைகளுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. உங்கள் மகளுக்கு இன்னும் திறந்திருக்கிறது. நடுவில் இரண்டு ஆண்டு தனியாரில் படித்துத் திரும்பினாலும் மூடிவிடும். திட்டத்துக்காகவே பிள்ளையை ஒரு பள்ளியில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் 8 லட்சம் கொடுத்து வெளியே போகிறவர்கள் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

உங்கள் நிஜமான பயம் ஆங்கிலம் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் எதில் ஆங்கில வழிப் பிரிவு நன்றாக நடக்கிறது, கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறை எப்படி என்று ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கேளுங்கள். டவுனில் அரசு நிதியுதவி பெறும் நல்ல பெண்கள் பள்ளி இருந்தால் அதையும் பாருங்கள். கட்டணம் மிகக் குறைவு. அங்கே தமிழ் வழியில் படித்தால் புதுமைப் பெண் உதவி உண்டு, 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ஸ்போக்கன் இங்கிலீஷுக்குத் தனியாக டியூஷன் வைத்தாலும் மாதம் ஆயிரத்தைத் தாண்டாது. அதை அந்த 5,000லிருந்து தாராளமாகக் கொடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் அலைய வேண்டாம். அது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழைகிற பிள்ளைகளுக்கு மட்டும்.

அந்த 20,000 அட்வான்ஸைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதோடு போய் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. உங்களிடம் கேட்கும் 58,000இல் குழு நிர்ணயித்தது எவ்வளவு, ‘ஆக்டிவிட்டி’, ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று சேர்த்தது எவ்வளவு என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

பள்ளி அலுவலகத்திலேயே ஒரு ஆப் மூலம் ‘வட்டியில்லாத் தவணை’ தருவதாகச் சொன்னார்களாம். வட்டியில்லை என்பார்கள், பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் வரும். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போகும். ஒரு தவணை தவறினால் உங்கள் சிபில் கெடும். வேனையும் புத்தகத்தையும் எப்படியும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பெயர் எதுவானாலும் அதுவும் கடன்தான்.

தம்பியின் நண்பருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். 10 சதவீதத்துக்குக் கடன் வைத்துக்கொண்டு, ஐந்தாறு சதவீதம் கிடைக்கிற பாலிசியில் பணம் போடுவதில் உங்களுக்கு என்ன லாபம்? பங்குச் சந்தையோடு சேர்ந்த யூலிப் என்றால் ஐந்து ஆண்டு கையை வைக்க முடியாது. குழந்தையின் பெயரைப் பாலிசிக்கு வைத்தால் அம்மாக்கள் மறுக்க மாட்டார்கள் என்று விற்பவர்களுக்குத் தெரியும். உங்கள் குடும்பத்துக்குத் தேவையான காப்பீடு ஒன்றுதான்: சம்பாதிக்கிற உங்கள் வீட்டுக்காரர் பெயரில் ஒரு சாதாரண டேர்ம் பாலிசி, அதாவது அவருக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருகிற ஆயுள் காப்பீடு. செல்வமகளை அப்படியே விடுங்கள். 8.2 சதவீதம் வருகிறது. மகள் பத்தாவது தேறியதும் மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

ஆரத்தை விற்க மனம் வராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. மாதம் 5,000, போனஸ் 20,000 இரண்டையும் அந்தக் கடனுக்கே கட்டுங்கள். முதல் ஆண்டு முடிவில் 1.84 லட்சம், இரண்டாம் ஆண்டு 1.22, மூன்றாம் ஆண்டு 55,000. டியூஷனுக்கு மாதம் ஆயிரம் போனால் ஏறக்குறைய ஓராண்டு கூட ஆகும். மகள் ஒன்பதாவது முடிக்கும்போதோ, டியூஷனும் சேர்ந்தால் பத்தாவது படிக்கும்போதோ நகை வீட்டுக்கு வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் கோச்சிங்கோ வேறு செலவோ வந்தால் கொடுக்க மாதம் 5,000 கையில் இருக்கும். இதற்கு ஒரே நிபந்தனை, அதற்குள் வரும் எந்தச் சீருக்கும் நகை வெளியே போகக் கூடாது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு 5,000 வையுங்கள், போதும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உங்கள் மகளைப் பெரிய பள்ளியில் சேர்க்கச் சொன்னவர்கள் அதற்கு ஒரு ரூபாய் தருவதாகச் சொல்லவில்லை. இதை உங்கள் வீட்டுக்காரரே தன் அக்காவிடம் சொல்வதுதான் முறை. அந்தப் பேச்சை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

ஜூனில் வங்கிக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். வட்டி 24,000ஐ இப்போதிருந்தே மாதாமாதம் எடுத்து வைத்து ரொக்கமாகக் கட்டுங்கள். கூடுதலாக எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவே கேட்காதீர்கள். புதுப்பிக்கும்போது எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காமல், ஆரத்துக்கு ஒன்று, வளையல்களுக்கு ஒன்று என்று இரண்டு கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். வளையல் சீட்டில் தொகை சிறியதாக இருக்கும். முதலில் அதை மீட்டுவிடலாம்.