தூது போன முதலியார்

கேள்வி: உள்ளூரில் ஓட்டு வாங்க முடியாத அரசியல்வாதிகளைத்தானே வெளிநாட்டுக்குத் தூது அனுப்புகிறார்கள்? ஆற்காடு ராமசாமி முதலியாரும் அந்த ரகம்தானே?

பதில்: காதலருக்குத் தூது அனுப்பத் தகுதியானவை பத்து என்று, செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொன்ன நம் பாட்டியல்காரர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அன்னம், மயில், கிளி, மேகம், பூவை என்கிற மைனா, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இவற்றில் ஒன்றுகூட டெபாசிட் கட்டியதில்லை. ஆனாலும் அரசியல் வாடை அடிக்கத்தான் செய்கிறது. கிளி சொன்னதையே சொல்லும். வண்டு தேன் இருக்கும் பூவுக்குத் தாவும். மேகம் இடிக்கும், பெய்யாது. நெஞ்சு ஒன்றுதான் உதைக்கிறது. அது எந்தக் கட்சியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

முதலியாருக்கு ஓட்டு விழாமல் இல்லை. 1920இலேயே சென்னைச் சட்டசபைக்குப் போனவர். நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' நாளேட்டுக்கு ஆசிரியராகவும் இருந்தார். தினமும் வசவுக் கடிதம் படித்துப் பழகிய ஆசிரியனுக்கு, பின்னால் இந்தியாவுக்காக வாதாடப் போன ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் எம்மாத்திரம்?

அவரைப் பற்றி எழுதும்போது படத்தில்தான் கவனம் வேண்டும். அவரும் டாக்டர் லட்சுமணசாமி முதலியாரும் இரட்டையர். முகமும் ஒன்று, தலைப்பாகையும் ஒன்று. ஒருமுறை ஆளை மாற்றிப் போட்டுவிட்டோம். திருத்தம் வெளியிட்ட இதழிலும் அதே படம். இரட்டையரில் ராமசாமி 1946இல் ஐ.நா.வின் பொருளாதார சமூகக் கவுன்சிலுக்கு முதல் தலைவர். அந்தக் கவுன்சில் கூட்டிய மாநாட்டில்தான் உலக சுகாதார நிறுவனம் உருவானது. அதன் நிர்வாகக் குழுவுக்குப் பிற்பாடு தலைவரானவர் மற்றவர். ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்தார் எப்படி அடையாளம் கண்டார்களோ!

'வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்' என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். நீதிக்கட்சி என்றாலே இந்தப் பல்லவிதான். நானும் முப்பது வருஷமாகப் பதில் எழுதி வருகிறேன். சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவையில் அமர்ந்தவர் என்பது உண்மை. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டபோது அவரை அனுப்பியது பிரிட்டிஷ் சர்க்கார் என்பதும் உண்மை. மாநாட்டுக்கு வெளியே விஜயலட்சுமி பண்டிட், 'இவர்கள் இந்தியாவின் பிரதிநிதிகளே அல்ல' என்று முழங்கினார். அதில் நியாயம் இருந்தது. மறு வருஷம் அவரே இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி ஐ.நா.வுக்குப் போனார், 1953இல் பொதுச் சபைக்குத் தலைவரும் ஆனார்.

ஆனால் 1948 செப்டம்பரில், இந்தியாவோடு இணைய மறுத்த நிஜாமின் ஹைதராபாத் பிரச்சினை பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் போனபோது, நேரு சர்க்கார் யாரைப் பேச அனுப்பியது? அதே வால் பிடித்தவரைத்தான்! அப்போது அவர் மைசூர் திவான். 16ஆம் தேதி பாரிஸில் இந்தியாவுக்காக வாதாடினார். 17ஆம் தேதி நிஜாம் பணிந்துவிட்டார். 13ஆம் தேதியே ராணுவம் உள்ளே புகுந்திருந்ததை இங்கே மறைக்கக் கூடாது. பாட்டியல்காரர்கள் பதினொன்றாவதாக டாங்கியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.