பாதியாகப் போறதுக்கு எதுக்கு டபுள் ஆவுது?

கேள்வி: ஐயா, வணக்கம். கருமுட்டையும் விந்தும் உண்டாகுற செல் பிரிவான மியோசிஸ்ல 46 குரோமோசோம் 23 ஆகணும், சரி. அப்புறம் ஏன் முதல்ல டிஎன்ஏவ காப்பி எடுத்து டபுள் பண்ணுது? நேரா ரெண்டா பிரிச்சிட்டா வேலை முடிஞ்சதே? டியூஷன்ல கேட்டா புக்ல இருக்கறத எழுதுன்னுட்டாங்க.
— மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, மோல்மேன்

பதில்: தட்டிக் கழிக்கிற கேள்வி இல்லம்மா இது, வித்தையே இங்கதான் இருக்கு. பிரியணும்னா அப்பா கொடுத்த 1ம் நம்பர் குரோமோசோமும் அம்மா கொடுத்த 1ம் நம்பரும் முதல்ல ஒண்ணையொண்ணு பிடிச்சிக்கணும், இல்லன்னா யாரு எந்தப் பக்கம் போறாங்கன்னே தெரியாது, ஒரு செல்லுக்கு ரெண்டும் போயிடும் இன்னொண்ணுக்கு ஒண்ணுமே கிடைக்காது.

பூக்கட்டுற நூல்ல செஞ்சு பாரேன். அப்பா கொடுத்ததுக்கு சிவப்பு ரெண்டு, அம்மா கொடுத்ததுக்கு வெள்ளை ரெண்டு எடு. சிவப்ப சிவப்போட, வெள்ளைய வெள்ளையோட சேத்து நீளத்துக்கும் அங்கங்க முடிச்சு போடு. காப்பி எடுத்த குரோமோசோம் இப்படித்தான் ஜோடி இழையா இருக்கும், முடிச்சு வந்து கோஹெசின்ங்கிற புரோட்டீன். இப்ப ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் நடுவுல வெட்டி வாலை மாத்திக் கட்டிட்டு, மேல் நுனியப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழு. வராது! மாறிப்போன வாலு இன்னமும் பழைய ஜோடியோட முடிச்சுல கிடக்கே. இதையே ஒத்த நூல்ல செஞ்சீன்னா இழுத்த உடனே தனித்தனியா வந்துடும், அதுக்குத்தான் டபுள். செல்லுல வெட்டுறது ஸ்போ11ங்கிற என்சைம், தன்னோட டிஎன்ஏவ தானே வேணும்னு வெட்டிக்குது, துணிச்சல்தான்.

முதல் பிரிவுல வால் பக்கத்து முடிச்செல்லாம் அறுபடும், ஜோடி ஜோடியா ரெண்டு பக்கமும் போவும். சென்ட்ரோமியர், அதான் குரோமோசோம பிடிச்சு இழுக்கிற இடம், அங்க இருக்கிற முடிச்சு மட்டும் அறுபடாம இருக்க ஷுகோஷின்னு ஒரு புரோட்டீன் காவல் நிக்குது, ஜப்பான்காரங்க வச்ச பேரு, காவல் தெய்வம்னு அர்த்தம், நம்ம முனீஸ்வரன் மாதிரின்னு வச்சிக்கயேன். ரெண்டாவது பிரிவுல அதுவும் அவுந்து ஒத்த இழையா போயிடும், மறுபடி காப்பி எடுக்கிறதில்ல.

ஆம்பளைங்களுக்கு இது வயசுக்கு வந்ததுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும், ஓடிக்கிட்டே இருக்கும். பொம்பளைங்களுக்கு வேற கதை. நீ உங்கம்மா வயித்துல இருந்தப்பவே உன் கருமுட்டைங்க நூலைக் கட்டி, வெட்டி, மாத்தி, பாதியில நிறுத்தி வச்சிடுச்சு. முட்டை வெளிய வர்ற மாசம்தான் முதல் பிரிவு முடியும். நாப்பது வயசுல வர்ற முட்டைன்னா அந்த முடிச்சுக்கும் நாப்பது வயசுக்கு மேல, நைஞ்சிருக்கும், 21ம் நம்பர் குரோமோசோம் சரியா பிரியாம ஒண்ணு கூடுதலா போனா அதான் டவுன் சிண்ட்ரோம்.