முதலில் அந்த டிராயரைத் திறவுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே அழகாக எழுத ஆசை. ஆறு மாதம் முன்பு நாலாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் காலிகிராஃபி செட் வாங்கினேன். வளைந்த ஹோல்டர், கூர் நிப், மை எல்லாம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் மை நிப்பில் நிற்காமல் சொட்டுகிறது, இல்லாவிட்டால் பேப்பரில் ஊறிப் பரவுகிறது. ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பா சங்கரன்கோவிலில் பத்திர எழுத்தராக இருந்தவர், 76 வயதாகிறது, இன்றைக்கும் மாதம் தவறாமல் எனக்கு இன்லேண்ட் லெட்டர் போடுவார். முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவார், இப்போது ஒரே பொடி எழுத்து, படிக்கவே முடிவதில்லை. அதனால் நிறையக் கடிதங்களைப் பிரிக்காமலே டிராயரில் போட்டுவிடுகிறேன், எப்படியும் ஃபோனில் பேசிக்கொள்கிறோம். அண்ணன் அவருடன்தான் இருக்கிறான். இந்த வயதில் காலிகிராஃபி கற்றுக்கொள்ள முடியுமா? எந்த நிப்பில் ஆரம்பிப்பது? நல்ல ஆசிரியர் யாரையாவது சொல்வீர்களா?

வாசகி, கோவை

பதில்: நிப்பைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஆசையாக ஒரு பொருளை வாங்கி ஒரு வாரத்தில் மூடி வைத்தவர்களிடமிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. வீணை, தையல் மிஷின், கேமரா என்று பொருள்தான் மாறும், கேள்வி மாறாது. இந்த வயதில் முடியுமா என்று கேட்பீர்கள், தாராளமாக முடியும் என்று நான் எழுதுவேன், அதைப் படித்து ஒரு நாள் சந்தோஷப்படுவீர்கள், செட் அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்களே, நான் அந்த வரியைத் தாண்டவில்லை. முன்பு முத்து முத்தாக எழுதிய அப்பா இப்போது பொடி எழுத்தில் எழுதுகிறார், படிக்க முடியவில்லை, பிரிக்காமலே போட்டுவிடுகிறேன். என்னம்மா இது? அழகான எழுத்துமேல் இவ்வளவு ஆசை இருக்கிறவருக்கு, உங்களுக்கு முதல் எழுத்தைக் கைபிடித்து எழுத வைத்த மனிதரின் எழுத்து ஏன் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையா?

கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. வயதானவர்களின் எழுத்து சுருங்கக் காரணங்கள் பல உண்டு. கண்ணில் புரை விழுந்திருக்கலாம், கண்ணாடி பவர் மாறியிருக்கலாம், விரல் மூட்டு வலிக்கலாம். ஆனால் பார்க்கின்சன் என்கிற மூளை நரம்பு நோயிலும் எழுத்து இப்படிப் பொடியாகும். அந்த நோயில் சீக்கிரமே தெரியும் அடையாளங்களில் இது ஒன்று, சிலருக்குக் கை நடுங்கத் தொடங்கும் முன்பே வந்துவிடும். வரியின் ஆரம்பத்தில் எழுத்து ஓரளவு பெரிதாக இருக்கும், போகப் போகச் சின்னதாகி, கடைசிச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கிவிடும். எழுதுகிறவருக்குப் பல நேரம் இது தெரியாது, வழக்கம்போலத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்கிறேன். கண் டாக்டரிடமும் காட்டுங்கள், நரம்பியல் டாக்டரிடமும் காட்டுங்கள். திருநெல்வேலியிலும் மதுரையிலும் நரம்பியல் டாக்டர்கள் இருக்கிறார்கள், அதற்காக அவரைச் சென்னைவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

இன்லேண்ட் லெட்டரில் இடம் குறைவு, அதனால் நெருக்கி எழுதியிருப்பார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். டிராயரில் இருக்கும் எல்லாவற்றையும் இன்றைக்கே பிரித்து, தேதிவாரியாக மேஜையில் பரப்புங்கள். விஷயம் முடிந்து கீழே பாதி இடம் காலியாகக் கிடக்கும் கடிதத்திலும் எழுத்து பொடியாகத்தான் இருக்கிறதா, பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மாதத்திலிருந்து மாறியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். அப்புறம் ஃபோனில் அவர் குரல் முன்பைவிடச் சன்னமாகக் கேட்கிறதா என்று யோசியுங்கள், டவர் சரியில்லை என்று நினைத்து விட்டிருப்பீர்கள். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதா, நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்று அண்ணனிடம் கேளுங்கள். இவையும் அந்த நோயில் வரக்கூடியவைதான்.

அண்ணன் கூடவே இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிம்மதியை முதலில் விடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரும் மாற்றம் படாது. அண்ணன்மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை, அவன் சாப்பாடும் மாத்திரையும் பார்த்துக்கொண்டிருப்பான், அப்பா எழுதுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அவர் கை எப்படி மாறியது என்பதற்குத் தேதி போட்ட சாட்சி உங்கள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, அதை நீங்கள் ஒட்டிய பசைகூடப் பிரியாமல் வைத்திருக்கிறீர்கள். டாக்டரிடம் போகும்போது ஐந்தாறு வருஷம் முன்னால் வந்த கடிதம் ஒன்றையும் போன மாதக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாயால் அரைமணி நேரம் விளக்குவதைவிட அது அவருக்கு உதவும். கூட நீங்களே போங்கள். கல்யாணமாகி வெளியூர் போன மகளுக்குப் பெற்றவர்களிடம் கடமை முடிந்துவிட்டது, மிச்சத்தை மகன் பார்த்துக்கொள்வான் என்கிற பேச்சை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அவருக்கு நோய் ஒன்றும் இல்லை, வெறும் வயதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெற்றவர் எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் போட்டு வைப்பது தவறுதான். ஃபோனில் பேசுகிறோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. ஃபோனில் 'சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி இருக்கு, சரி வெச்சிடறேன்' என்பதோடு முடிகிறது. ஃபோனில் சொல்ல வராததை எழுதலாம் என்றுதான் அவர் இன்னும் தபாலாபீஸ் போய் வருகிறார். ஒருவேளை 'கை முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது' என்று அவரே அந்தக் கடிதங்களில் ஒன்றில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

ஆசிரியர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திர எழுத்தர் என்றால் என்ன வேலை என்று அவர் மகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முத்திரைத்தாளில் மையால் எழுத வேண்டும், சொத்தின் நாலு எல்லையும் அளவும் பிசகக் கூடாது, அடித்தல் திருத்தல் வந்தால் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், தாளைக் கெடுத்துவிட்டால் பணம் போச்சு. கம்ப்யூட்டர் வரும்வரை சொத்து வாங்குகிற விற்கிற பலருடைய காரியமும் இவர்கள் கைச் சுத்தத்தில்தான் நடந்தது. அப்படி ஒருவர் வீட்டில் இருக்கும்போது வெளியே ஆள் தேடுகிறீர்கள்.

லண்டனில் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார், 1872இல் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கப் போய் உடம்பு சரியில்லாமல் விட்டுவிட்டு எழுத்துக்கலைக்கு வந்தார். இன்று உலகம் முழுக்க ஆங்கிலக் காலிகிராஃபி வகுப்புகளில் சொல்லித்தரும், முனை பட்டையாக இருக்கும் அகல நிப்பால் எழுதும் முறையை மீட்டெடுத்தவர் அவர்தான். அவருக்குச் சொல்லித்தர ஆளே இல்லை, அந்த வித்தை கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய கைப்பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டு எந்தக் கோடு எந்தப் பக்கமிருந்து வந்தது, நிப்பை எந்தச் சாய்வில் பிடித்திருப்பார்கள் என்று உற்றுப் பார்த்து, பார்த்ததைத் திரும்ப எழுதியே கற்றுக்கொண்டார். 1899இல் அவரே வகுப்பெடுக்கத் தொடங்கினார். உங்களுக்குக் கைப்பிரதி டிராயரிலேயே இருக்கிறது, எழுதியவரும் உயிரோடு இருக்கிறார், எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் சொல்வார்.

அப்பாவின் பழைய கடிதம் ஒன்றில் 'லை' எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். உங்கள் அப்பா வயதுக்காரர்கள் பலர் இன்றும் 'ல'வின் தலைமேல் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறி இறங்கும் பழைய எழுத்தைத்தான் எழுதுகிறார்கள். ணை, னை, ளையும் அப்படித்தான். பெரியார் சொல்லிவந்த சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று 13 எழுத்துகளை மாற்றியது, அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் கை பழையதையே பிடித்துக்கொண்டது. உங்கள் ஃபோனில் எவ்வளவு தட்டினாலும் அந்த 'லை' வராது. அகல நிப்பால் எழுதிப் பார்த்தால் துதிக்கை மேலே ஏறும்போது கோடு மெலிந்து, திரும்பி இறங்கும்போது தடித்து நிற்கும். ஒரே இழுப்பில் அது சரியாக வந்து விழும்போது கைக்கு ஒரு சந்தோஷம் கிடைக்கும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். கை பழகியதும் நீங்கள் எழுத வேண்டியது அந்த 'லை'தான்.

மை ஏன் சொட்டுகிறது என்றால், புது நிப் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் விற்பார்கள், அதன்மேல் மை பிடிக்காது. கொஞ்சம் பற்பசை வைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொட்டு எழுதுங்கள். பரவுவதற்குக் காரணம் ஜெராக்ஸ் பேப்பர். 100 ஜிஎஸ்எம் என்று போட்ட கனமான தாள் வாங்குங்கள். வளைந்த ஹோல்டரும் கூர் நிப்பும் ஆங்கிலச் சாய்வெழுத்துக்கு ஆனவை, கீழே இழுக்கும்போது அழுத்தி, மேலே போகும்போது தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அதைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள்.

இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். அகல நிப் செய்கிற வேலையை அது செய்யும், கோட்டின் இரண்டு விளிம்பும் தெரிவதால் எங்கே தப்பு என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு முனையும் எழுதும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி பிடித்து, எந்தப் பக்கம் வளைந்தாலும் அந்தச் சாய்வு மாறாமல் ட, ப, ம, ய எழுதுங்கள், பிறகு ழ, ஞ. மணிக்கட்டைத் திருப்பாதீர்கள், முழங்கையோடு கை நகரட்டும். கை பழகியதும் 2.4 மில்லிமீட்டர் அகல நிப் ஒன்று வாங்குங்கள். எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப் போல நாலு மடங்கு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவில் கோடு போட்டுக்கொள்ளாமல் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். மை விஷயத்தில் ஒன்றே ஒன்று, தண்ணீரில் கரையாத இந்தியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து பேனா போய்விடும். தொட்டு எழுதும் நிப்புக்கு அது சரி, எழுதியதும் கழுவிவிட வேண்டும்.

கோடு போட்ட தாள் அப்பாவுக்கும் வேண்டும். எழுத்து சுருங்குகிறவர்களுக்கு அகலமாகக் கோடு போட்ட தாளைக் கொடுத்து, மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட்டு எழுதச் சொன்னால் பலருக்கு எழுத்து பெரிதாகிவிடுகிறது, பயிற்சி தருகிறவர்கள் கையாளும் வழி இது. ஊருக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் இரட்டைக்கோடு நோட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். 'உனக்கு எழுத வரலை, பழகு' என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், எழுத்தை வைத்துச் சோறு போட்டவர் அவர். 'பழைய லை எனக்குச் சொல்லிக் குடுங்கப்பா' என்று கேளுங்கள். அதுதான் உண்மையும்கூட.

படிக்க முடியாத கடிதங்களை அவரிடமே கொண்டுபோய் வாசிக்கச் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துப் போகாதீர்கள், இத்தனையும் பிரிக்காமல் கிடந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டாம். எத்தனை மாதமாகப் படிக்கவில்லை என்று கேட்டால் மட்டும் பொய் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

காலிகிராஃபிக்கு நேரம் எங்கே என்று அடுத்து எழுதுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், எழுத அரைமணி நேரம் ஆகும். அப்பாவுக்கு எழுதும் இந்த ஒரு கடிதத்துக்கு அழகு வேண்டாம், பெரிதாக, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். எந்தத் தேதியில் வருகிறீர்கள், எந்த டாக்டரிடம் போகப் போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள், சனிக்கிழமை காலையிலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.